அக்காள்மடம், தங்கச்சிமடம்: சொந்த மருமகனைத் தண்டித்த சேதுபதி! யார் இந்த முத்து விஜய ரகுநாதர்?

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள் நுழைந்தால், மொபைல் மேப்பில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் வரும். முதலில் அக்காள்மடம். கொஞ்ச தூரத்தில் தங்கச்சிமடம். கார்ல போறவங்க பெரும்பாலும் ஜன்னல் வழியா பெயர்ப் பலகையைப் பார்த்துட்டு, ஒரு சிரிப்போட கடந்து போயிடுவாங்க. செய்தி படிக்கிறவர்களுக்குத் தங்கச்சிமடம் என்றால் மீனவர் கைது, படகு பறிமுதல், மறியல். பூ வியாபாரிகளிடம் கேட்டால் மல்லிகை நாற்று என்பார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மல்லிகைத் தோட்டம் போடுபவர்கள் நாற்று வாங்க இங்கேதான் வருகிறார்கள்.

சரி, யார் அந்த அக்கா? யார் அந்தத் தங்கச்சி?

உள்ளூர்ப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பதில் ஒன்று இருக்கிறது. அவர்கள் இருவரும் ஒரு ராஜாவின் மகள்கள். அந்த ராஜா, ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் அவர் குடும்பத்தில் நடந்த ஒரு துயரத்தின் மிச்சம். அதைப் புரிந்துகொள்ள, முதலில் சேதுபதி என்பது என்ன மாதிரியான பதவி என்று பார்க்க வேண்டும்.

காவல்காரராகத் தொடங்கிய பதவி

சேது என்றால் பாலம், அணை. ராமர் கட்டியதாக நம்பப்படும் அந்தச் சேதுவுக்குக் காவலர் என்பதுதான் சேதுபதி. கேட்க புராணம் மாதிரி இருந்தாலும், பதவிக்குப் பின்னால் இருந்த தேவை ரொம்ப நடைமுறையானது. வடக்கே காசியிலிருந்து கங்கை நீரோடு கிளம்பி, மாதக்கணக்கில் நடந்து ராமேஸ்வரம் வருவது அந்தக் காலத்து யாத்திரை. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய அந்தப் பாதைக்குச் சேது மார்க்கம் என்று பெயர். கடைசிப் பகுதி முழுக்க உடைமரக் காடும் மணலும்தான். நல்ல தண்ணீர் கிடைப்பது கஷ்டம். கையில் காணிக்கைப் பணத்தோடு வரும் யாத்ரீகர்கள் கொள்ளையர்களுக்கு எளிதான இலக்கு.

இந்த வழியைப் பாதுகாக்க ஆள் வேண்டும் என்றுதான், மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் 1605-ல் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அங்கீகரித்தார் என்கிறது வரலாறு. தலைநகரம் அப்போது போகலூர். அதாவது, இந்த அரசுக்கு இருந்த நியாயமே யாத்ரீகர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். இதை மனசுல வச்சுக்கங்க. பின்னால் நடந்தது ஏன் அவ்வளவு பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

காவல் பதவி நூறு ஆண்டுக்குள் தனி அரசாக மாறியது. அதற்குக் காரணம், 1710 வரை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி. தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டை கட்டியவர் இவர். மதுரையில் ராணி மங்கம்மாள் ஆண்ட காலத்தில், 1702-ல் மறவர் நாட்டை அடக்க வந்த படை தோற்றுத் திரும்பியது. அதற்குப் பிறகு ராமநாதபுரம் யாருக்கும் கப்பம் கட்டும் நிலையில் இல்லை.

அவர் வாழ்க்கையில் இன்னொரு கணக்கும் பதிவாகியிருக்கிறது. அவர் இறந்தபோது 47 மனைவிகள் உடன்கட்டை ஏறினார்கள். இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு கணவனின் மரணம் என்னவாக இருந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

அரியணைக்கு வந்த கதை

கிழவனுக்குப் பிறகு யார் என்ற கேள்வி சுலபமாகத் தீரவில்லை. அவருடைய மகன் பவானி சங்கரத் தேவர் இருந்தார். ஆனால் அவருடைய தாய், சேதுபதிகளின் செம்பிநாட்டு மறவர் கிளையைச் சேர்ந்தவர் அல்ல என்ற காரணத்தைச் சொல்லி அவரை ஒதுக்கிவிட்டார்கள். இடையில் சில ஆண்டுகள் முத்து வைரவநாத சேதுபதி. பிறகு 1713-ல் திருவுடையாத் தேவர் என்பவர் முத்து விஜய ரகுநாத சேதுபதி என்ற பட்டப் பெயரோடு அரியணை ஏறினார்.

ஒதுக்கப்பட்ட பவானி சங்கரர் அமைதியாகப் போய்விடவில்லை. கடைசிவரை இந்த மன்னரின் நிழல் மாதிரி பின்னாலேயே வந்தார். அது தனிக்கதை, பிறகு வரும்.

புதிய மன்னர் பெற்றது ஒரு சுதந்திர நாடு. ஆனால் சுற்றிலும் போட்டியாளர்கள். வடக்கே தஞ்சை மராட்டியர், மேற்கே மதுரை நாயக்கர், அருகில் புதுக்கோட்டைத் தொண்டைமான். கடலில் டச்சுக்காரர்கள். முத்தும் சங்கும் கிடைக்கும் கடற்கரை என்பதால் எல்லோருக்கும் இங்கே ஒரு கண். இப்படியொரு சூழலில் ஒரு மன்னர் யாரை நம்புவார்? சொந்தக்காரர்களைத்தான். மகள்களைத் திருமணம் செய்துகொடுத்து, மருமகன்களுக்குப் பொறுப்பு தருவது அன்றைய நிர்வாக முறை. நாலுகோட்டை பெரிய உடையாத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவருக்கு மகள் அகிலாண்டேஸ்வரி நாச்சியாரைக் கொடுத்து, படை வைத்துப் பராமரிக்க நிலமும் கொடுத்தார்.

இன்னும் இரண்டு மகள்களை மணந்தவர் தண்டத் தேவர். அக்கா, தங்கை இருவருமே அவருக்கு மனைவியர். ராமேஸ்வரம் தீவை நிர்வகிக்கும் பொறுப்பு அவரிடம் போனது.

பாம்பனில் ஒரு டோல்கேட்

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கடல் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். இன்று ரயிலிலோ பஸ்ஸிலோ செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் கடந்துவிடலாம். ஆனால் ரயில் பாலம் வந்தது 1914-ல். சாலைப் பாலம் 1988-ல்தான். அதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே வழி படகு. காசியிலிருந்து நடந்து வந்தவர், கோயில் கோபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில், இந்தத் தண்ணீருக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும். படகுத்துறை யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் ராமேஸ்வரத்தின் சாவி.

தண்டத் தேவர் அங்கே யாத்ரீகர்களிடம் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார் என்கிறது கதை. கால்வாயைக் கடக்க ஒரு தொகை. கொடுத்தால் அக்கரை, இல்லையென்றால் இக்கரையிலேயே நிற்க வேண்டும். அத்தனை மாதம் நடந்து வந்த ஏழை ஒருவர், கடைசிக் கட்டத்தில் காசில்லாமல் கரையில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். திரும்பிப் போகவும் முடியாது.

விஷயம் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போனது.

இன்றைய கண்ணோட்டத்தில் இது ஒரு நிர்வாக முறைகேடு. பதவியிலிருந்து நீக்கலாம், பணத்தைத் திருப்பி வாங்கலாம். ஆனால் சேதுபதிக்கு அது அப்படித் தெரியவில்லை. யாத்ரீகருக்குக் காவல் என்பதுதான் அவருடைய பட்டத்தின் பொருள். அதே யாத்ரீகரிடம், அவருடைய பெயரால், அவருடைய மருமகனே காசு பிடுங்குகிறார் என்றால் அந்தப் பட்டத்தில் என்ன மிச்சம் இருக்கும்? ராமநாதசுவாமியைத் தரிசிக்க வருபவரைத் தடுப்பது சிவத்துரோகம் என்று முடிவெடுத்தார் மன்னர். தண்டனை, மரணம்.

இதை வெறும் பக்திக் கதையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. படகுத்துறையில் தனி வருமானம் சேர்க்கும் மருமகன், நாளைக்குத் தனிப் படையும் சேர்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரக்கூடிய ஒரு வாரிசுப் போட்டியாளர் ஏற்கெனவே வெளியே காத்திருந்த நேரம் அது. மன்னரின் கோபத்தில் பக்தியும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்திருக்கலாம். ரெண்டும் ஒண்ணையொண்ணு மறுக்கறது இல்லை. ஆனால் மக்கள் நினைவில் தங்கியது முதல் காரணம்தான். எளியவர்களிடம் வசூல் செய்தவன் ராஜா வீட்டு மாப்பிள்ளையாக இருந்தாலும் தப்பவில்லை என்பது, சாமானியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை அல்லவா?

இரண்டு மகள்கள்

தீர்ப்பு மருமகனோடு நிற்கவில்லை. கணவன் இறந்த செய்தி கேட்டு, இரு மகள்களும் தீயில் இறங்கி உயிரைவிட்டார்கள். மூத்தவள் இறந்த இடத்தில் அக்காள்மடம், இளையவள் இறந்த இடத்தில் தங்கச்சிமடம். இரண்டு இடங்களிலும் யாத்ரீகர்கள் தங்கிப் போக மடங்களைக் கட்டினார் தந்தை. ஊர் மரபு சொல்லும் கதை இத்துடன் முடிகிறது.

பெரும்பாலும் இந்தக் கதையை மன்னரின் நீதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மனுநீதிச் சோழன் கதை போல. ஆனால் அந்தப் பெண்கள் பக்கமிருந்து பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. குற்றம் செய்தது கணவன். தண்டித்தது தந்தை. இறந்தது இவர்கள். உடன்கட்டை அவர்களுடைய விருப்பமா, குடும்ப வழக்கத்தின் கட்டாயமா என்று கேட்பதற்கு யாரும் இல்லை. கிழவன் சேதுபதியின் 47 மனைவிகளை நினைத்துப் பார்த்தால், அந்த அரண்மனையில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு வேறு வழி ஒன்று கண்ணில் பட்டிருக்குமா என்பதே சந்தேகம். இந்த வழக்கம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது 1829-ல் வங்காளத்திலும், அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும். இவர்கள் காலத்துக்கு நூறு வருஷம் கழித்து.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஊர்ப் பெயரில் அவர்களுடைய இயற்பெயர்கள் இல்லை. அக்கா, தங்கச்சி என்ற உறவுமுறை மட்டும்தான் இருக்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரத்துக்கு முத்தம்மாள் என்ற பெண்ணின் பெயரையே வைத்தார். அங்கே பெயர் நிற்கிறது. இங்கே ஊரே அவர்களை வீட்டுப் பெண்களாக எடுத்துக்கொண்டதால் வந்த பெயர் என்றும் இதைப் படிக்கலாம். ராணி என்றோ நாச்சியார் என்றோ சொல்லாமல் தங்கச்சி என்று கூப்பிடும்போது ஒரு நெருக்கம் வருகிறதே! இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது.

மடம்னா என்ன?

இங்கே மடம் என்பது ஆதீன மடம் இல்லை. வழிப்போக்கர் தங்கும் இடம், அவ்வளவுதான். இன்றைய மொழியில் சொன்னால் இலவச டார்மிட்டரி, கூடவே மெஸ். நடந்து வருபவருக்கு வெயிலுக்கு நிழல், ராத்திரிக்குத் திண்ணை, குடிக்கத் தண்ணீர், சாப்பாடு. மணல் தீவில் குடிதண்ணீரே பெரிய விஷயம். தங்கச்சிமடம் பக்கத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தம் புனிதமாகக் கருதப்படுவதற்கு, தாகத்தோடு வந்தவர்களின் நன்றியும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கட்டடம் கட்டுவது சுலபம். நூறு வருஷம் கழித்தும் அடுப்பு எரியணுமே, அதற்கு என்ன வழி? அதற்குத்தான் சேதுபதிகள் கிராமங்களை எழுதிவைத்தார்கள். ஒரு ஊரின் விளைச்சலோ வரியோ இந்த மடத்துக்கு என்று செப்பேட்டில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். சூரியனும் சந்திரனும் உள்ளவரை இந்தக் கொடை நடக்க வேண்டும் என்றும், கெடுப்பவருக்கு என்னென்ன பாவம் வரும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். இன்றைய அறக்கட்டளைப் பத்திரம் மாதிரி. கூடுதலாகச் சாபமும் உண்டு.

மகள்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப மன்னருக்கு வேறு வழிகளும் இருந்தன. சிலை வைத்திருக்கலாம், கோயில் கட்டியிருக்கலாம். யாரிடம் மருமகன் காசு பறித்தானோ, அதே யாத்ரீகர்கள் இலவசமாகத் தங்கும் இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததாகத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது. இந்தக் கதையில் மிகவும் நுட்பமான இடம் இதுதான். ஒரு அப்பாவாக அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை யூகிக்க இந்த ஒரு செயல் போதும்.

வாயிலிருந்து ஏட்டுக்கு

இந்தக் கதை முன்னூறு வருஷம் தாண்டி வந்ததற்குப் பெரும் காரணம் பாட்டி தாத்தாக்கள்தான். ஆனால் வாய்வழிக் கதைக்கு ஒரு சிக்கல் உண்டு. சொல்பவர் போனால் கதையும் போய்விடும். ராமநாதபுரத்துக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. வரலாற்று ஆய்வாளர் எஸ்.எம்.கமால், சேதுபதிகளின் செப்பேடுகளைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். சேதுபதி மன்னர் வரலாறு என்று தனி நூலும் எழுதினார். யார் எந்த ஊரை எதற்காக எழுதிவைத்தார், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு நெல், எந்தப் பள்ளிவாசலுக்கு எவ்வளவு நிலம் என்ற தகவல்கள் இன்று ஒரு மாணவர் கைக்குக் கிடைப்பது அந்த உழைப்பால்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமைப் பதிவுகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், ஒரு செப்பேட்டை எழுத்துக் கூட்டி வாசிக்க உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

இன்றைய தங்கச்சிமடத்தை எந்த ஒரு சமூகத்தின் ஊர் என்றும் சுருக்க முடியாது. ஏகாந்த ராமர் கோயில் இங்கே இருக்கிறது. ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத் திருவிழா. ஊர் எல்லையில் உள்ள பேய்க்கரும்பில் அப்துல் கலாமின் நினைவிடம், 2017-ல் திறக்கப்பட்டது. ராமேஸ்வரம் வரும் டூரிஸ்ட் பஸ்கள் எல்லாம் அங்கே நிற்கின்றன. யாத்ரீகர்கள் தங்கிப் போன ஊரில் இப்போதும் வெளியூர்க்காரர்கள் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், காரணம் மட்டும் வேறு.

மன்னரின் முடிவு

முத்து விஜய ரகுநாதரின் கடைசிக் காலம் நிம்மதியாக இல்லை. பவானி சங்கரத் தேவர் தஞ்சை மராட்டியரின் ஆதரவோடு திரும்பி வந்தார். அறந்தாங்கிக் கோட்டையை மையமாக வைத்துப் போர். மன்னரே படையோடு போய் முற்றுகையிட்டார். அங்கே எதிரியைவிட மோசமாகத் தாக்கியது நோய். முகாமில் பரவிய கொள்ளைநோய் மன்னரையும் பிடித்தது. 1725-ல் இறந்தார்.

அடுத்து வந்த சுந்தரேஸ்வர ரகுநாதர் சில மாதங்கள்கூட நிலைக்கவில்லை. பவானி சங்கரர், இவ்வளவு காலம் காத்திருந்த அரியணையைப் பிடித்தார். அவரோடு பகைத்துக்கொண்ட சசிவர்ணத் தேவரும், கட்டயத் தேவரும் தஞ்சைக்கே போய் உதவி கேட்டார்கள். பவானி சங்கரரைத் தூக்கிவிட்ட அதே தஞ்சை, இப்போது அவரை இறக்குவதற்குப் படை தந்தது. கூலி, பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள நிலம். பவானி சங்கரர் தோற்ற பிறகு, மீதி நாட்டை ஐந்து பங்காக்கி, மூன்று ராமநாதபுரத்துக்கும் இரண்டு சசிவர்ணருக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பங்குதான் சிவகங்கைச் சீமை. கிழவன் சேதுபதி கட்டி, முத்து விஜய ரகுநாதர் காத்த நாடு, அவர் இறந்து ஐந்தாறு வருஷத்துக்குள் துண்டானது.

பிரிந்த அந்தக் காலத்தில், 1730-ல், ராமநாதபுரம் அரண்மனையில் ஒரு பெண் பிறந்தார். சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதரை மணந்து சிவகங்கைக்குப் போனார். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் ஆங்கிலேயர் படையால் கொல்லப்பட்டபோது, இந்தப் பெண் உடன்கட்டை ஏறவில்லை. தப்பித்து, எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு படை திரட்டி, நாட்டைத் திரும்பப் பிடித்தார். அவர்தான் வேலு நாச்சியார். அதே அரச மரபு, அரை நூற்றாண்டு இடைவெளி.

எங்கே பார்க்கலாம்?

முத்து விஜய ரகுநாத சேதுபதி எப்படி இருந்தார் என்று பார்க்க ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில், ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம். தமிழக அரசின் தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே சுவர், வளைவு, மேற்கூரை என்று இடைவெளியில்லாமல் ஓவியங்கள். இவை இவருடைய ஆட்சிக் காலத்தில் தீட்டப்பட்டவை.

ஒரு பக்கம் ராமாயணம், பாகவதம். இன்னொரு பக்கம் முழுக்க இவர்தான். ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் பெறுகிறார். மதுரை நாயக்கரோடு நிற்கிறார். தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. ஐரோப்பியர்கள் வந்து பார்க்கிறார்கள். பாட்டு, நாட்டியம், அந்தப்புரம் என்று மாடியில் அரண்மனை வாழ்க்கை. சில இடங்களில் நிறம் உதிர்ந்திருக்கிறது. கீழே எழுதியிருக்கும் தமிழ், தெலுங்கு வரிகளை மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெரும்பாலானவர்கள் ராமேஸ்வரம் போகும் அவசரத்தில் ராமநாதபுரத்தை பைபாஸிலேயே கடந்துவிடுவதால், கூட்டம் இருக்காது. நிதானமாகப் பார்க்கலாம்.